அடுப்படி வரை நீளும் சட்டம்: 19ஆம் பிரிவுக்கு ஓர் உரை

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் மாசுக் கட்டுப்பாடு என்றாலே தோல் ஆலையும் பாலாறும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1981ஆம் ஆண்டின் காற்று மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு நம் வீட்டு விறகடுப்பையும் தொடுகிறது. அதன் உட்பிரிவுகளின் பொருளை என் சொற்களில் தந்து உரை சொல்கிறேன்.

(1) மாநில அரசு, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கலந்து, ஒரு நிலப்பரப்பைக் காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கலாம்.

1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் மூடியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1956இல் பிரிட்டன் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை வகுத்து, அங்கே எந்த எரிபொருளை எரிக்கலாம் என்று வரையறுத்தது. நம் சட்டமும் அதே வழியில் செல்கிறது. இரண்டாம் உட்பிரிவு எல்லையைக் கூட்டவும் குறைக்கவும் அதிகாரம் தருவது. அதற்கு உரை வேண்டியதில்லை.

(3) ஏற்கப்பட்ட எரிபொருள் தவிர வேறொன்று காற்றைக் கெடுக்கும் என அரசு கருதினால், குறைந்தது மூன்று மாத அவகாசம் கொடுத்து அதைத் தடை செய்யலாம்.

மூன்று மாதத்தில் ஒரு குடும்பம் விறகை விட்டுவிட முடியுமா? பாலாற்று மணலில் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலம் வெட்டும் உழைப்புக்கே கிடைத்துவிடுகிறது. மார்கழிக் குளிரில் குளிக்க வெந்நீர் போடுவதற்கு சிலிண்டரைச் செலவழிக்கப் பல வீடுகளில் மனம் வராது. 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டம் எரிவாயு இணைப்பைக் கொண்டுவந்தது. அடுத்தடுத்த சிலிண்டருக்கான பணத்தைக் குடும்பமே தேட வேண்டியிருக்கிறது.

புகை தீங்கில்லை என்று நான் சொல்லவில்லை. வெளிக்காற்றில் நுண்துகள் 24 மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2009ஆம் ஆண்டின் இந்திய வரையறை. சன்னலில்லாத அடுப்படியில் விறகு எரியும்போது அளவு அதைப் பல மடங்கு தாண்டும். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ அப்பரை வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் பலர். ஒற்றை அறை வீடென்றால், சமைத்த புகை அடங்குமுன் அதே அறையில் ஊசியும் நூலுமாக உட்கார வேண்டும். ஆலைக்குள் வேலை செய்பவரைத் தேடி ஆய்வாளராவது வருவார். இவர்களைத் தேடி யார் வருகிறார்கள்?

சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனம் பங்கேற்ற ஓர் ஆய்வு நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்தது; தமிழ்நாட்டில் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளில். ஒரு பாதிப் பெண்களுக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்கள் விறகை ஏறக்குறைய முழுவதுமே விட்டார்கள், புகையும் வெகுவாகக் குறைந்தது. குழந்தையின் பிறப்பு எடையில் எதிர்பார்த்த வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் பெண்கள் விறகைப் பிடித்துக்கொண்டிருப்பது பழக்கத்தால் மட்டுமல்ல என்பது அங்கே தெளிவானது. மாற்று எரிபொருளைக் கொடுக்கும் கடமையை இந்த உட்பிரிவு அரசுக்கு விதிக்கவில்லை. அது விதிக்கப்படாத வரை, வீட்டு விறகின் மேல் இதைப் பாய்ச்சுவது ஏழைப் பெண்ணைத் தண்டிப்பதாகவே முடியும்.

(4) ஏற்கப்பட்ட சாதனம் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது என ஆணையிடலாம். இடத்துக்கும் சாதனத்துக்கும் ஏற்ப வெவ்வேறு தேதி குறிக்கலாம்.

இந்தச் சலுகையைப் பயன்படுத்த வேண்டும். விறகில் தம் போடும் பிரியாணிக் கடைகளும் கல்யாண மண்டபங்களும் முதலில் கூரைக்கு மேல் உயர்ந்த புகைக்குழாய் வைக்கட்டும். அவர்களுக்கு வசதி உண்டு. வீடுகளின் தேதி பிறகு வரலாம், அதுவும் அரசு செலவில். 1980களில் புகையில்லா அடுப்பு கொடுத்தார்கள். குழாயில் கரி அடைத்தால் எடுத்துவிட ஆள் வேண்டும் என்பதையும் இந்த முறை சேர்த்து யோசிக்க வேண்டும்.

(5) எரிபொருளல்லாத பொருளை எரிப்பது மாசு தரும் எனக் கருதினால், அதைத் தடை செய்யலாம்.

நம் ஊருக்கென்றே எழுதியதுபோன்ற வரி. குரோம் பதனிட்ட தோல் துண்டு விறகல்ல. அதை எரித்தால் அதிலிருக்கும் மூவிணைதிறன் குரோமியம், புற்றுநோய் தரும் அறுவிணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். குப்பையோடு அது எரியும் இடத்துக்குப் பக்கத்து வீட்டில் எரிவாயு அடுப்பு இருந்தும் பயனில்லை. இந்த உட்பிரிவில் மூன்று மாத அவகாசமும் கிடையாது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காகச் சொன்னது. புகைக்கும் அது பொருந்தும்: தோல் கழிவை வாங்கிப் பாதுகாப்பாக அகற்றும் செலவை ஆலைகள் ஏற்கட்டும். 19ஆம் பிரிவைச் செயல்படுத்துவோர் ஐந்தாம் உட்பிரிவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வரட்டும்.