முயல் ஓடையில் யார் பார்த்தது?

ராபர்ட் ஹெண்டர்சன் அன்றைக்கு வாயை அடக்கிக்கொண்டு கொஞ்சம் புகையிலை விற்றிருந்தால், அநேகமாகக் கோடீஸ்வரராகச் செத்திருப்பார்.

கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் யூகான் பிரதேசம். குளிர்காலத்தில் மைனஸ் நாற்பது அங்கே சர்வ சாதாரணம். 1896 ஆகஸ்டில் ஹெண்டர்சன் ஓர் ஓடையோரம் மண்ணை அலசிக்கொண்டிருந்தார். கொஞ்சம்போல் தங்கம் கிடைத்தது. ஜார்ஜ் கார்மாக் என்பவரிடம், 'நீயும் வந்து இடம் பிடித்துக்கொள். ஆனால் உன் ஆட்கள் வரக்கூடாது' என்றார். கார்மாக்கும் வெள்ளைக்காரர்தான். அவர் மனைவி கேட், டாகிஷ் பழங்குடிப் பெண். 'உன் ஆட்கள்' என்றால் கேட்டின் சகோதரர் ஸ்கூக்கும் ஜிம்மும் அவர்களுடைய மருமகன் டாசன் சார்லியும்.

ஆனாலும் மூன்று பேரும் போய்ப் பார்த்தார்கள். ஜிம்மும் சார்லியும் காசு கொடுத்துப் புகையிலை கேட்டார்கள். ஹெண்டர்சன் முடியாது என்றார். திரும்பும் வழியில் முயல் ஓடை என்ற சின்ன ஓடையில் தங்கம் கண்ணில் பட்டது. கொஞ்சநஞ்சமல்ல. நல்லதாக ஏதாவது கிடைத்தால் சொல்லி அனுப்புகிறேன் என்று கார்மாக் ஹெண்டர்சனிடம் சொல்லியிருந்தார். அனுப்பவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஹெண்டர்சனுக்குத் தகவல் தெரிவதற்குள் ஓடை முழுக்க முளையடித்துவிட்டார்கள். அதன் பெயரே பொனான்ஸா ஓடை என்று மாறிவிட்டது.

அங்கே மட்டும் ஏன் அவ்வளவு தங்கம்? இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

பனி யுகத்தில் கனடாவின் பெரும்பகுதியைப் பனிப்பாறைகள் வழித்துத் துடைத்துக்கொண்டு போயின. க்ளோண்டைக் பக்கம் மட்டும் வரவில்லை. அங்கே குளிர் உண்டு, ஈரம் போதாது. பனி சேர்ந்தால்தானே பனிப்பாறை? அதனால் கோடிக்கணக்கான வருடங்களாகப் பாறைகள் மக்கி, குவார்ட்ஸ் நரம்புகளில் இருந்த தங்கம் உதிர்ந்து, ஆற்றுப் படுகையில் அப்படியே கிடந்தது. தங்கம் மணலைவிட ஏழு மடங்கு கனம். தண்ணீர் மணலை அடித்துக்கொண்டு போகும். தங்கம் அடியில் தங்கிவிடும். நம் நகைப் பட்டறைகளில் மண்ணைக் கழுவி அரித்துப் பொன்துகள் எடுப்பார்களே, அதே சங்கதிதான்.

அதோடு முடியவில்லை. பிற்பாடு நிலம் உயர்ந்தது. பழைய படுகை குன்றின் மேலே போய்விட்டது. ஓடைகள் அதை அறுத்துக்கொண்டு கீழே இறங்கின. அங்கிருந்த தங்கத்தை மறுபடி ஒருமுறை சலித்துக் கீழே சேர்த்தன. இரண்டு முறை சலித்த தங்கம்! 1897-ல் ஊருக்குப் புதிதாக வந்த சிலர் குன்றின் மேலே தோண்டினார்கள். தங்கமாவது, மேட்டில் இருப்பதாவது என்று பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சிரித்தார்கள். மேட்டிலும் இருந்தது. அதற்கு சீச்சாக்கோ குன்று என்று பெயர். 'சீச்சாக்கோ' என்றால் புதுசாக வந்தவன்.

கோலார் மாதிரி 3 கிலோமீட்டர் கீழே போகத் தேவையில்லைதான். ஆனால் தரை வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும். விறகை எரித்து இளக்கி, ஒரு சாண் தோண்டி, மறுபடி எரிக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க இப்படி வெளியே கொட்டிய மண்ணை, வசந்தத்தில் ஓடை இளகிய பிறகுதான் கழுவ முடியும். தேறுமா தேறாதா என்பது அதுவரை தெரியாது.

1897 ஜூலையில் தங்கத்தோடு கப்பல்கள் சான்பிரான்சிஸ்கோவுக்கும் சியாட்டிலுக்கும் வந்தன. சுமார் 1 லட்சம் பேர் கிளம்பினார்கள். ஒரு வருடத்துக்கான சாமான், ஆளுக்குக் கிட்டத்தட்ட 1 டன், கையில் இல்லாதவனை எல்லையில் கனடா போலீஸ் உள்ளே விடவில்லை. சில்கூட் கணவாயில் முதுகில் தூக்கிக்கொண்டு பனியில் வெட்டிய படியில் ஏற வேண்டும். ஒரே நடையில் முடியுமா? முப்பது, நாற்பது தடவை ஏறி இறங்கினார்கள். போய்ச் சேர்ந்தது 30, 40 ஆயிரம் பேர். அதற்குள் நல்ல இடமெல்லாம் போயாச்சு. பி.காம். படித்தவன் என்பதால் என் கண் சியாட்டில் கடைக்காரர்கள் மேல்தான் போகிறது. மாவும் பீன்ஸும் பூட்ஸும் விற்றவர்கள், வாங்கினவனுக்குத் தங்கம் கிடைத்ததா என்று கவலைப்பட வேண்டியதில்லை.

சரி, முதலில் பார்த்தது யார்? கடைசிவரை கார்மாக், நான்தான் என்றார். ஜிம்தான் என்கிறார்கள் டாகிஷ் மக்கள். கண்டுபிடித்தவருக்கு இரண்டு பங்கு, மற்றவர்களுக்கு ஒன்று என்பது விதி. பழங்குடி ஆள் பெயரில் கண்டுபிடிப்பு என்றால் யாரும் ஏற்கமாட்டார்கள் என்று ஜிம்மிடம் பேசி, அந்த இரட்டைப் பங்கைத் தன் பெயரில் பதிந்துகொண்டார் கார்மாக். பதியப் போகும்போது, ஓடையில் காவல் இருந்தது ஜிம்.

1900-ல் கேட்டை விட்டுவிட்டு வேறொரு பெண்ணை மணந்தார் கார்மாக். கேட் யூகானுக்கே திரும்பி, 1920-ல் இறந்துபோனார். தங்கத்தை முதலில் பார்த்ததே அவர்தான் என்று ஒரு கதை உண்டு. அன்று அவர் அங்கே இல்லவே இல்லை, மீன்பிடி முகாமில் இருந்தார் என்று இன்னொன்று. பொனான்ஸாவில் ஒரு பிடி மண்கூடக் கிடைக்காத ஹெண்டர்சனுக்குக் கனடா அரசு மாதம் 200 டாலர் ஓய்வூதியம் கொடுத்தது. 1999-ல் கனடா சுரங்கத் துறையின் கௌரவப் பட்டியலில் க்ளோண்டைக்கைக் கண்டுபிடித்தவர்கள் என்று நான்கு பேரைச் சேர்த்தார்கள். கார்மாக், ஜிம், சார்லி, ஹெண்டர்சன். கேட்டின் பெயர் அதில் ஏற மேலும் சுமார் 20 வருடம் பிடித்தது.