சாய்மனைச் சைக்கிளில் உன்னிச்சைக்கு

ஆயித்தியமலை தாண்டி உன்னிச்சைக்குப் போற வீதியில், ஒரு மரத்தடியில் தண்ணி குடிக்க நின்றிருந்தோம். மாடு சாய்ச்சுக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, நிலத்தில் சரித்து வைத்திருந்த சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "காலேலாத ஆக்களுக்குச் செய்ததா மனே?"

இல்லை ஐயா, நாங்க ஓடுறதுக்குத்தான் என்றோம். வேலைக்குப் போறதுக்கா என்று கேட்டார். இல்லை, சும்மா குளம் பார்க்க என்றோம். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாடுகள் தூரப் போய்விட்டன, அவரும் போய்விட்டார்.

அந்தக் கேள்வியைச் சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். ஆனால் குளக்கட்டில் போய் இருந்தபிறகும் அதைத்தான் கதைத்துக்கொண்டிருந்தோம். சாய்ந்திருந்து ஓடும் ஒரு சைக்கிளைப் பார்த்ததும் இங்கே ஒரு மனிதருக்கு முதலில் ஏன் காலில்லாதவர்கள் ஞாபகம் வருகிறார்கள்? அதைவிட, சும்மா ஓடுறம் என்று சொன்னபோது எங்களுக்கே ஏன் ஒரு கூச்சம் வந்தது?

முதலில் அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்லவேண்டும். பழைய இரும்புக்கடையில் வாங்கிய இரண்டு சைக்கிள்களை வெட்டி, ஒட்டுவேலைக் கடையில் ஒன்றாக்கியது. பின்னுக்குப் பெரிய சில்லு, முன்னுக்குச் சின்னப்பிள்ளைச் சைக்கிளின் சில்லு. பெடல் முன்சில்லுக்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சீற் இருக்கவேண்டிய இடத்தில் கால் வெட்டிய பிளாஸ்ரிக் கதிரை. பெடலில் இருந்து பின்சில்லு மட்டும் எட்டவேண்டும் என்பதால் மூன்று செயினைச் சேர்த்து ஒன்றாக்கினோம். ஓடுகிறவர் சாய்மனைக் கதிரையில் கிடக்கிற மாதிரிக் காலை முன்னுக்கு நீட்டிக்கொண்டு போவார். அதனால் அதற்குச் சாய்மனைச் சைக்கிள் என்று பேர் வைத்தோம். கம்பஸ் விடுமுறையோடு தொடங்கி மழை வரும்வரைக்கும், முறை வைத்து அதில் ஓடினோம். மற்ற ஆட்கள் சாதாரண லுமாலாவில்.

இதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. இதற்கு ஒரு வரலாறு உண்டு, அதில் ஒரு தடையும் உண்டு.

பாரிஸுக்குப் பக்கத்தில் புட்டோ என்ற இடத்தில் சார்ள்ஸ் மோஷே என்பவர் சின்னச் சின்னக் கார்கள் செய்துகொண்டிருந்தார். மகன் ஜோர்ஜுக்கு சைக்கிள் வேண்டும். சைக்கிள் ஆபத்து என்று தாய்க்குப் பயம். அதனால் மோஷே பெடலால் ஓடும் நாலு சில்லு வண்டி ஒன்றை மகனுக்குச் செய்து கொடுத்தார். அது நன்றாக ஓடியது. பெரிய ஆட்களும் கேட்கத் தொடங்கினார்கள். இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் இருந்து மிதிக்கும் 'வெலோகார்' அப்படித்தான் பிறந்தது. கார் வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கு அதுதான் கார். ஆனால் வேகமாக வளைவில் திருப்பினால் சரியும். அதை நடுவால் பிளந்தது போல, இரண்டு சில்லில், ஒருவர் மட்டும் சாய்ந்திருந்து ஓடும் வண்டி ஒன்றை 1930களின் தொடக்கத்தில் செய்தார்.

அதை ஓட்ட வந்தவர் பிரான்சிஸ் ஃபோர். முதல்தர ஓட்டவீரர் இல்லை. அவருடைய சகோதரர் பெனுவா ஃபோரைத்தான் அந்தக் காலத்து ஆட்களுக்கு அதிகம் தெரியும். பந்தயத் தடத்துக்கு இந்தச் சாமானோடு வந்தபோது, நித்திரை கொள்ளப் போகிறாயா என்று கூட ஓடியவர்கள் பகிடி பண்ணியதாகச் சொல்வார்கள். (இதை வாசித்தபோது எங்களுக்கு ஒரு சந்தோசம். வவுணதீவுச் சந்தியில் எங்களுக்குக் கிடைத்த பகிடியும் அதேதான்.) 1933 ஜூலை 7ஆம் திகதி பாரிஸில் ஃபோர் ஒரு மணித்தியாலத்தில் 45.055 கிலோமீற்றர் ஓடினார். ஒஸ்கார் எக் 1914இல் வைத்த 44.247 என்ற சாதனை ஏறக்குறைய இருபது வருடமாக அசையாமல் இருந்தது. அது அன்று உடைந்தது.

அடுத்த மாதமே மொரிஸ் ரிஷார் என்பவர் சாதாரண சைக்கிளில் 44.777 ஓடினார். இப்போது சர்வதேச சைக்கிள் ஓட்டச் சங்கத்துக்கு ஒரு தலையிடி: எது சாதனை? அதைச் சொல்லவேண்டுமென்றால் முதலில் எது சைக்கிள் என்று சொல்லவேண்டும். சொன்னார்கள். சீற்றின் நுனி, பெடல் அச்சு, முன்சில்லு, இவற்றுக்கிடையில் இவ்வளவுதான் தூரம் இருக்கலாம் என்று அளவு போட்டார்கள். அந்த அளவுக்குள் சாய்ந்திருக்க முடியாது. 1934 ஏப்ரல் 1 முதல் மோஷேயின் வண்டி சட்டப்படி சைக்கிள் இல்லை. அந்த வருடமே மோஷே இறந்துபோனார்.

சங்கத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. ஓட்டப்போட்டி காலுக்கும் நெஞ்சுக்கும்தான், இரும்புக்கு இல்லை என்று சொல்லலாம். எங்களில் ஒருவர் இன்னமும் அப்படித்தான் வாதாடுகிறார். ஆனால் போட்டிக்குப் போட்ட அளவு போட்டியோடு நிற்கவில்லை. வீரர்கள் ஓடுவதைத்தான் சனம் வாங்கும், சனம் வாங்குவதைத்தான் கம்பனி செய்யும். தடத்தில் ஓடக்கூடாது என்று சொன்ன வண்டி வீதியிலும் இல்லாமல் போனது. ஃபோர் விடவில்லை. 1939இல், காற்றைக் கிழிக்க மூடுகவசம் போட்ட வெலோகாரில், ஒரு மணித்தியாலத்தில் 50.537 கிலோமீற்றர் ஓடினார். சங்கம் ஒத்துக்கொண்ட சைக்கிளில் ஒருவர் 50ஐத் தாண்ட 1984 மட்டும், பிரான்செஸ்கோ மோசர் வரும் மட்டும், காத்திருக்கவேண்டி இருந்தது. இடையில் 1972இல் எடி மெர்க்ஸே 49.431 தான்.

காரணம் சிக்கலானதில்லை. சமதரையில் மணிக்கு இருபத்தைந்து, முப்பது கிலோமீற்றரைத் தாண்டினால், மிதிக்கிற பலத்தில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. நிமிர்ந்திருப்பவர் ஒரு கதவு போலக் காற்றில் முட்டுகிறார். சாய்ந்திருப்பவர் அதே காற்றுக்கு உள்ளங்காலையும் தலையையும் மட்டும் காட்டுகிறார். 2016இல் அமெரிக்காவின் நெவாடாவில், முழுக்க மூடிய சாய்வு வண்டியில், கனடாக்காரர் ரொட் ரைகேர்ட் மணிக்கு 144.17 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டார். மோட்டார் கிடையாது, இரண்டு கால்தான்.

வெலோகார் வரலாற்றில் எங்களைப் பிடித்த இடம் இந்த வேகம் இல்லை, அதற்குப் பிறகு வருவது. இரண்டாம் உலகப்போரில் ஜேர்மனி பிரான்சைப் பிடித்தபின் பெற்றோல் இல்லாமல் போனது. அப்போது சனம் தேடிப்போனது மோஷே குடும்பத்தின் பெடல் வண்டியைத்தான். மகன் ஜோர்ஜ் செய்து கொடுத்தார். போர் முடிந்தது, பெற்றோல் வந்தது, திரும்ப மறந்தார்கள். 1973இல் உலக எண்ணெய் நெருக்கடி. இரண்டு வருடத்தில் கலிபோர்னியாவில் செஸ்டர் கைல் என்ற பேராசிரியர், எந்த வடிவத்து வண்டியும் வரலாம், மனித பலத்தில் ஓடினால் போதும் என்று ஒரு போட்டி வைத்தார். சாய்வு வண்டிகள் திரும்ப எழும்பி வந்தன.

பெற்றோல் தீர்ந்தால் மரியாதை, வந்தால் மறதி. இதை வாசிக்க நாங்கள் பாரிஸுக்குப் போகத் தேவையில்லை.

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரை. சூரியன் எழும்பும் கடற்கரைப் பக்கம் எழுவான்கரை, சூரியன் படும் வயற்பக்கம் படுவான்கரை. உன்னிச்சை படுவான்கரையின் உள்ளே, காட்டோரம். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபின் வாவியே எல்லையானது. நகரமும் கரையோரமும் ஆமியிடம், படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடம். 2007 மட்டும் ஏறக்குறைய அப்படித்தான். அந்தப் பதினேழு வருடத்தில் படுவான்கரையைத் தூக்கிக்கொண்டு நடந்தது சைக்கிள் என்று சொன்னால் மிகையில்லை. தயிர்ச்சட்டி, விறகு, நெல்மூடை, சுகமில்லாத ஆள், எல்லாம் கரியரிலும் பாரிலும் வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வந்தன. சோதனைச்சாவடியில் எல்லாரும் இறங்கவேண்டும். இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு, அடையாள அட்டையைக் கையில் பிடித்து நடக்கவேண்டும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிலர் சைக்கிளில் போன தூரத்தைவிட உருட்டிய தூரத்தைத்தான் ஞாபகமாகச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத அந்த வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். சைக்கிள் அங்கே வண்டி மட்டுமில்லை, வீட்டுச் செய்திக்கும் அதுதான் வழி.

இன்னொரு சைக்கிளும் அதே காலத்தில் எங்கள் வீதிகளுக்கு வந்தது. கையால் சுற்றி ஓடும் மூன்று சில்லு வண்டி. ஷெல்லிலும் மிதிவெடியிலும் கால் போனவர்கள் சாய்ந்திருந்து, நெஞ்சுக்கு நேரே இருக்கும் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டு போவார்கள். சின்ன வயதில் நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பார்த்தும், மோஷேயின் படத்தைக் கண்டபோது அதுவும் இதுவும் ஒரே குடும்பம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அந்தப் பெரியவருக்கு ஒரு பார்வையில் தோன்றியது.

மட்டக்களப்பு மாவட்டம் மிதிவெடி இல்லாத மாவட்டமாக அறிவிக்கப்பட்டது 2017இல். நாட்டிலேயே முதலாவது. அதாவது வீதியை விட்டு இறங்கி, ஒரு வயல் வரம்பில் சைக்கிளைச் சரித்து வைத்துவிட்டு மரநிழலில் படுப்பது இங்கே மிக அண்மைக்கால வசதி. சும்மா ஓடுறது என்று நாங்கள் லேசாகச் சொன்ன வேலைக்கு அந்த வயதுதான்.

பிறகு 2022. பெற்றோல் லைன், எரிவாயு லைன், கியூஆர் அட்டை. மோட்டார் சைக்கிள்கள் விறாந்தையில் கிடந்தன. கூரையில் தொங்கிய ரலிச் சைக்கிள்களை இறக்கித் துடைத்து ரயர் மாற்றினார்கள். கடைகளில் புதுச் சைக்கிள் விலை ஏறியது. படித்த, உத்தியோகம் பார்க்கிற ஆட்கள் வெட்கமில்லாமல் சைக்கிளில் போன சில மாதங்கள் அவை. பெற்றோல் வந்தது, அவை திரும்பக் கூரைக்குப் போயின. எங்கள் ஊரிலும் எழுதாத ஒரு சங்கச் சட்டம் உண்டு: வசதி வந்தால் சைக்கிளை விடு. ஓடுகிறவர் ஒன்றில் ஏழையாக இருக்கவேண்டும், அல்லது ரீச்சராகப் போய்வரவேண்டும், அல்லது பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கவேண்டும். சும்மா ஓடுவதற்கு அந்தச் சட்டத்தில் அளவு இல்லை. எங்களுக்கு வந்த கூச்சம் அதுதான் என்று நினைக்கிறோம்.

சரி, ஓட்டம் எப்படி? கோடையில் மட்டக்களப்பில் கச்சான் அடிக்கும். மேற்கிலிருந்து வரும் வறண்ட, சுடுகிற காற்று. உன்னிச்சை மேற்கே. ஆகவே போகும்போது முழுக்க எதிர்க்காற்று. லுமாலாவில் வந்தவர்கள் குனிந்து குனிந்து மிதித்து நாக்கு வறண்டு நின்றபோது, சாய்மனையில் கிடந்தவர் கதைத்துக்கொண்டே போனார். மெதுவாகத்தான் ஓடுகிறோம், ஆனால் கச்சான் வந்து மோதும் வேகமும் சேர்வதால், மோஷேயின் கணக்கு எங்கள் வேகத்துக்கும் பொருந்தியது. இரண்டாவது கிழமையில் இருந்து யார் அதில் ஏறுவது என்று சண்டை.

குறைகளையும் சொல்லவேண்டும். வெளிக்கிடும்போது சமநிலை பிடிக்க ஒரு கிழமை எடுத்தது, முழங்கை எல்லாருக்கும் தேய்ந்தது. செயின் கழன்றால் மூன்று செயினும் கழலும். நகரத்துக்குள் பஸ்ஸின் சில்லு முகத்துக்கு நேரே வரும், அதனால் வலையிறவு தாண்டும்வரை உருட்டித்தான் போனோம். உருட்டும்போது ஒருவர், "எங்கட அப்பாவும் இந்தப் பாலத்தில உருட்டித்தான் போனவர்" என்றார். கிறவல் வீதியில் சின்னச் சில்லு புதையும். சிறுபோக வெட்டு முடிந்த நாட்களில் காபட் வீதியின் அரைவாசியில் நெல் காயும், அதில் ஏறினால் வழுக்கும், ஏச்சும் விழும். நாய்களுக்கு எங்கள் முகம் சரியான உயரத்தில். பின்னேரம் ஐந்து மணிக்குமேல் குளக்கட்டில் நிற்கவே முடியாது, யானை இறங்கும்.

திரும்பி வரும்போது மட்டும் கச்சான் முதுகில் தள்ளும். அப்போது லுமாலாக்காரர்கள் கதவாக விரிந்து காற்றை வாங்கிக்கொண்டு எங்களை விட்டுவிட்டுப் போவார்கள்.

புரட்டாதியில் அந்தப் பெரியவரைத் திரும்பக் கண்டோம். இந்தமுறை அவரே கை காட்டி மறித்தார். சைக்கிளில் ஏறி இருந்து பார்க்கச் சொன்னோம், மாட்டேன் என்று தலையாட்டினார். செயினைத் தூக்கிப் பார்த்தார், கதிரையை அமத்திப் பார்த்தார். பிறகு, "இந்தப் பெடலக் கைக்கு மாத்தேலுமா மனே?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த ஒருவரிடம் மூன்று சில்லு வண்டி இருக்கிறதாம், நல்ல பாரமாம், கச்சானுக்கு எதிரே சுற்ற ஏலாமல் இந்தக் கோடை முழுக்க வீட்டோடு கிடக்கிறாராம்.

ஒட்டுவேலைக் கடைக்காரரிடம் கேட்டோம். முன்னுக்கு நீட்டிய குழாயை மேலே வளைத்தால் பெடல் நெஞ்சுக்கு வரும், பின்னுக்கு இரண்டு சில்லு போடவேண்டும், ஹாண்டிலை எங்கே வைப்பது என்பதுதான் யோசனை என்றார். மழை தொடங்கிவிட்டது. சைக்கிள் இப்போது அவர் கடையில், கதிரை கழற்றியபடி கிடக்கிறது. அடுத்த கிழமை ஆளின் கை நீளம் அளக்கப் போகவேண்டும்.