காலண்டரில் ஒரு பென்சில் புள்ளி

அம்மா மாதக் காலண்டரில் தேதிக்குக் கீழே பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். பால் கணக்கும் அதே காலண்டரில்தான் இருக்கும். விருந்தாளிகள் பார்த்தால் பால் வராத நாள் என்று நினைத்துக்கொள்வார்கள். 'வீட்டுக்குத் தூரம்' என்று குரலைத் தாழ்த்திச் சொன்ன தலைமுறையின் குறிப்பு அது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அம்மாவும் நானும் மட்டும்தான்.

அந்தப் புள்ளியை இப்போது கைப்பேசியில் வைக்கிறோம். பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் பயன்படுத்திய மாதவிடாய்ச் செயலி 'ஃப்ளோ'. உடல்நலத் தகவல்களை ரகசியமாக வைப்போம் என்று அது வாக்குக் கொடுத்திருந்தது. ஆனால் ஒரு பெண் தன் கர்ப்ப வாரத்தைத் தேர்ந்தெடுத்தால், 'கர்ப்ப வாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது' என்று பொருள்படும் பெயரிலேயே அந்தச் செய்தி ஃபேஸ்புக், கூகுள் முதலிய நிறுவனங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2019 பிப்ரவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதை வெளியிட்டது. பெண்களிடமிருந்து நூற்றுக்கணக்கில் புகார்கள் குவிந்தன. அதன் பிறகே அது நின்றது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது லைசால். ஆம், தரை துடைக்கும் அதே பெயர்தான். 1920களிலும் 30களிலும் அமெரிக்கப் பத்திரிகைகளில் அது பெண்ணுறுப்பைக் கழுவும் மருந்தாக விளம்பரமானது. கருத்தடைச் சாதனங்களைத் தபாலில் அனுப்பவும் விளம்பரப்படுத்தவும் 1873ஆம் ஆண்டின் காம்ஸ்டாக் சட்டம் தடை விதித்திருந்தது. ஆகவே 'பெண்மைச் சுகாதாரம்' என்று எழுதினார்கள். வாசித்த பெண்களுக்குப் பொருள் புரிந்தது. ஐரோப்பியப் பெண் மருத்துவர்கள் பரிந்துரைப்பதாக விளம்பரம் சொன்னது. அமெரிக்க மருத்துவச் சங்கம் விசாரித்துப் பார்த்தபோது அப்படிப்பட்ட மருத்துவர்களே இல்லை. அந்தத் திரவம் கருவையும் தடுக்கவில்லை, உள்ளே புண்ணாக்கியது. எதற்காக வாங்கினோம் என்று வெளியே சொல்ல முடியாதவர்கள் யாரிடம் போய்ப் புகார் செய்வார்கள்? பெண்கள் வாய்திறக்க முடியாத இடம் பார்த்துத்தான் கடை விரித்திருக்கிறார்கள்.

1914இல் அமைந்த அமெரிக்க வணிக ஆணையத்துக்கு, நுகர்வோரை ஏமாற்றும் செயல்களைத் தடுக்கும் அதிகாரம் 1938இல்தான் கிடைத்தது. 2021இல் ஃப்ளோ மீது அது நடவடிக்கை எடுத்ததும் அந்த அதிகாரத்தைக் கொண்டே. தகவலை எடுத்துக் கொடுத்தது மட்டுமல்ல, சொன்னதற்கு மாறாக நடந்ததே குற்றச்சாட்டின் மையம். பொடி எழுத்தில் எங்காவது ஒப்புதல் வாங்கியிருந்தால் வழக்கு நின்றிருக்குமா என்பது சந்தேகமே. அபராதமும் இல்லை. தவறை ஒப்புக்கொள்ளாமலே நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

நம் நாட்டில் 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். 2018இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்ட வரைவு, உடல்நலத் தகவலைக் கூடுதல் காப்புக்குரிய தனி வகையாக வைத்திருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகையே இல்லை. என் மாதவிடாய்த் தேதியும் நான் பிரியாணி வரவழைத்த முகவரியும் அதில் ஒரே வரிசையில் இருக்கின்றன.