கடிகாரக்காரர் மகன் தொடுத்த கணை

1784 ஏப்ரல் 27. பாரிஸ் நாடக அரங்கின் முன்னே மக்கள் வெள்ளம்! மன்னன் 16-ஆம் லூயி தடுத்து வைத்திருந்த நாடகம் அன்று மேடையேறிற்று. கோட்டையும் கொத்தளமும் கொண்ட மன்னனை அஞ்சவைத்த கதைதான் என்ன? ஒரு வேலைக்காரனின் கல்யாணக் கதை! ‘பிகாரோவின் திருமணம்’ என்பது அதன் பெயர்.

எழுதியவர் பொமார்ஷே, கடிகாரம் செய்பவரின் மகன். இளமையில் அவர் கண்டறிந்த கடிகார நுட்பத்தை, அரண்மனைக் கடிகாரக்காரர் தமதென்று உரிமை கொண்டாடினார். அறிவியற் கழகத்தின் முன் வழக்காடி, 1754-இல் வென்றார் இளைஞர். பிற்காலத்தில் பணம் கொடுத்துப் பதவி வாங்கினார்; பிரபுப் பட்டமும் உடன் வந்தது. கடைச்சரக்கெனக் கிடைத்த குலப்பெருமையின் மதிப்பை அவர் அறியமாட்டாரா?

கதை நிகழ்வது ஸ்பெயின் நாட்டு மாளிகையில். பிகாரோ பணியாள், சூசன் பணிப்பெண். இருவருக்கும் அன்று மணம். குடிகளின் மணப்பெண்மீது முதலுரிமை தனக்கே என்னும் இழிவழக்கை ஒழித்துவிட்டதாகப் பெயரெடுத்தவன், எசமானன் அல்மவிவா பிரபு. ஆனால், சீதனப் பணத்தைக் காட்டி அதே உரிமையைச் சூசனிடம் மறைவாக விலைபேசுகிறான்! அப்படியோர் உரிமை சட்டமாக இருந்ததற்குத் தக்க சான்றில்லை என்பர் இன்றைய வரலாற்றாசிரியர். எனினும், பண்ணையடிமைகள் மணம் முடிக்கப் பிரபுவுக்குப் பணம் கட்டிய காலம் ஐரோப்பாவில் இருந்தது மெய்.

பிகாரோமீது வழக்கு வருகிறது. தீர்ப்பளிப்பவன் யார்? அதே பிரபு! பெண்ணை விரும்புபவனே நீதிபதி! கொதித்தெழுந்த பிகாரோ, பிரபுவின் பெருமைக்கெல்லாம் அவன் பிறந்தது தவிர வேறென்ன காரணம் என்று வினவுகிறான். அரங்கம் அதிர்ந்தது. அதிசயம் என்னவெனில், பிரபுக்களும் அங்கிருந்து சிரித்தனர்! தொடர்ந்து 68 முறை நடந்தது நாடகம். ஐந்தே ஆண்டுகளில், 1789 ஆகஸ்டு 4 இரவில், அவர்தம் சிறப்புரிமைகள் பறந்தன.

இத்துடன் நிறுத்திக் கைதட்டிவிடலாமா? கூடாது.

அந்நாடகத்தில் மார்செலின் என்றொருத்தி உண்டு. இளமையில் ஏமாற்றப்பட்டவள். பெண்ணைக் கெடுத்த ஆடவரே அவளுக்குத் தண்டனை விதிப்பதேன், சொத்தென்றால் அவளைச் சிறுமியாகவும் பிழையென்றால் முதிர்ந்தவளாகவும் நடத்துவதேன் என்று குமுறுகிறாள். அந்தப் பேச்சை நடிகர்களே வெட்டிவிட்டனர்! பிறப்பால் வந்த பெருமையைச் சாடத் துணிந்த மேடை, பெண்ணின் கேள்விக்கு நடுங்கிற்று. பொமார்ஷே 1785-இல் நூலை அச்சிட்டபோது, வெட்டிய பகுதியையும் சேர்த்தே வெளியிட்டார்.

மேடையில் விழுந்த வெட்டு, சட்டத்திலும் விழுந்தது. 1792-இல் மணவிலக்கு உரிமை தந்த புரட்சி, 1793-இல் பெண்களின் சங்கங்களை மூடிற்று. 1804-இல் நெப்போலியன் சட்டம், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்றது. பிரெஞ்சுப் பெண்கள் வாக்குரிமை பெற்றதோ 1944-இல்!

பிகாரோவின் கேள்வியை நாம் போற்றுகிறோம், உரக்கவே கேட்போம். ஆனால், பிரபுவை நோக்கிக் கேட்டவன் தன் வீட்டிலே பிரபுவாகிவிட்டால், கேள்விக்கு என்ன மதிப்பு? மார்செலினின் பேச்சை வெட்டாமல் கேட்கும் அரங்கமே விடுதலையின் அரங்கம்.