கடை கைமாறும்போது நன்மதிப்பு யாருக்கு?

பூநகரிப் பிரதேசத்து ஜெயபுரத்திலோ, வன்னியின் வேறெந்தக் கிராமத்திலோ, ஒரு பலசரக்குக் கடை கைமாறுவதாக வைத்துக்கொள்வோம். தராசு, அலுமாரி, இருப்பிலுள்ள சரக்கு ஆகியவற்றைக் கணக்கிட்டு விலை பேசுதல் எளிது. ஆயினும், வாங்குபவர் அவற்றின் பெறுமதிக்கு மேலும் ஒரு தொகை கொடுக்க இசைகின்றார். பழகிய வாடிக்கையாளர் இனியும் இங்கேயே வருவர் என்னும் நம்பிக்கையின் விலை அது. வணிக நூலார் அதனை நன்மதிப்பு என்பர். பணத்தைப் பெற்றுக்கொண்ட பழைய முதலாளி மறுமாதமே எதிர்ப்புறத்தில் புதுக்கடை திறந்தால், வாங்கியவரின் வாழ்நாட் சேமிப்பு என்னாவது? இக்கேள்விக்கு விடை காண ஆங்கிலேய நீதிமன்றங்களுக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது.

1810 ஆம் ஆண்டில், வண்டிகளிற் சரக்கேற்றும் வியாபாரம் ஒன்று பற்றிய வழக்கு எல்டன் பிரபுவின் முன் வந்தது. கடனில் முறிந்த ஒருவரின் தொழில் விற்கப்பட்டபின், அவரே மீண்டும் அத்தொழிலில் இறங்கினார். பழைய வாடிக்கையாளர் பழைய இடத்தை நாடக்கூடும் என்ற வாய்ப்பே நன்மதிப்பு எனக் கருதிய நீதிபதி, அவரைத் தடுக்க மறுத்துவிட்டார்.

ஆனால், இடம் மட்டுமா வாடிக்கையாளரை இழுக்கின்றது? 1872 இல் ஒரு பியர் வடிசாலை வழக்கில், விற்றவர் பழைய வாடிக்கையாளரிடம் சென்று தம்மிடம் வருமாறு வேண்டலாகாது எனத் தீர்ப்பாயிற்று. 1884 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அக்கொள்கையைத் தள்ளிவிட்டது. சட்டம் இவ்வாறு ஊசலாடியபோதுதான் ட்ரீகோ அம்மையாரின் வழக்கு எழுந்தது. கணவர் விட்டுச்சென்ற வார்னிஷ் வியாபாரத்தில் ஹன்ட் என்பவரை அவர் பங்காளியாக்கினார். நன்மதிப்பு தமக்கே உரியதென உடன்படிக்கையும் செய்துகொண்டார். பங்குடைமை முடியுமுன்னரே, வாடிக்கையாளரின் பெயர்களையும் முகவரிகளையும் ஹன்ட் ஓர் எழுத்தரைக்கொண்டு இரகசியமாகப் படியெடுப்பித்தார். 1896 ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியான தீர்ப்பில், பிரபுக்கள் சபை அம்மையாரின் பக்கமே நின்றது.

அத்தீர்ப்பின் சாரம் நுட்பமானது. நன்மதிப்பை விற்றவர், வேறு உடன்படிக்கை இல்லாவிடில், போட்டிக் கடை திறக்கலாம். ஊரறிய விளம்பரமும் செய்யலாம். ஆனால், பழைய வாடிக்கையாளரைத் தனித்தனியே அணுகி அழைத்தலாகாது. பழைய வியாபாரமே தம்முடையதென்று காட்டிக்கொள்ளவுமாகாது. விற்ற பொருளை விற்றவரே திரும்பப் பறித்தல் அறமன்று என்பதே இதன் அடிப்படை.

இந்தியாவின் 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27 ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கைகளைப் பொதுவாகச் செல்லாதன என்கின்றது. எனினும், நன்மதிப்பை விற்பவர் குறித்த எல்லைக்குள் அதே தொழிலைச் செய்வதில்லை என உறுதியளிப்பதற்கு அது இடமளிக்கின்றது; அவ்வெல்லை நியாயமானதாக இருத்தல் வேண்டும். இலங்கையிலோ, பங்குடைமை விடயங்களில் ஆங்கிலச் சட்டமே வழிகாட்டி. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம், மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமையை உண்டாக்கும் உடன்படிக்கை எழுத்தில் அமைந்து கையொப்பமிடப்பட வேண்டும் என விதித்தது. வாய்ச்சொல்லை நம்பிக் கூட்டு வைத்தவர், பிரியும்போது நன்மதிப்பில் தம் பங்கை நிறுவ இடர்ப்படுவர்.

நன்மதிப்பை அளத்தலும் அரிது. பெங்களூர் ஊதுவத்தி நிறுவனமொன்றின் வரி வழக்கில், 1981 இல் இந்திய உச்ச நீதிமன்றம், தானாக வளர்ந்த நன்மதிப்புக்குக் கொள்முதல் விலை கணிக்க இயலாது எனக் கொண்டு, அதன் கைமாற்றத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லையெனத் தீர்த்தது. பின்னர் சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும் உண்மை மாறவில்லை: சரியான நிறையும் இன்சொல்லும் நாளடைவில் சேர்த்த செல்வத்துக்குப் பிறந்த நாளும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை.

ஆதலின், கடையை விற்போரும் வாங்குவோரும் சரக்கின் விலை வேறு, நன்மதிப்பின் விலை வேறு எனப் பிரித்து எழுதுதல் நன்று. கடையின் பெயர் யாருக்கு, கடன்கொப்பி யார் கையில், விற்றவர் எத்தனை காலம், எவ்வளவு தூரத்துக்குள் அத்தொழில் செய்யலாகாது என்பவற்றையும் ஐயமறக் குறித்தல் வேண்டும். பெரிய நிறுவனம் ஒரு வழக்கில் தோற்றும் பிழைக்கும். சிறுகடைக்காரரோ ஒரு வழக்கில் வென்றும் நொடிந்துபோகலாம்.