துப்பாக்கிக்கு முன்னே நடந்தவர்கள்: ஆனைமலை, மூணாறு மலைகளில் வேட்டைப் பயண ஆயத்தத்தின் வரலாறு

ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடச் சென்ற வெள்ளைக்காரர்கள் எப்படியெல்லாம் தயாரானார்கள் என்பது பற்றி நூல்கள் குவிந்து கிடக்கின்றன. 1909இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனபோது, 250க்கும் மேற்பட்ட சுமைக்காரர்கள் அவருடன் நடந்தார்கள். கொன்ற விலங்குகளின் தோலைப் பாடம் செய்வதற்கென்றே நான்கு டன் உப்பு கொண்டுபோனார்கள். இந்தப் பெரும் ஏற்பாடுகளுக்கு அரை நூற்றாண்டு முன்பே நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு வேட்டைப் பயண முறை உருவாகிவிட்டது. பரம்பிக்குளத்திலிருந்து இரவிகுளம் வரை நீளும் மலைகளில் அது எப்படி வளர்ந்தது, பின்னர் எப்படி வனவிலங்குக் காப்பாக மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. துப்பாக்கி மாறியது, பாதை மாறியது, சட்டமும் மாறியது. மாறாமல் நின்றது காடர், முதுவர் ஆகிய பழங்குடி மக்களின் காட்டறிவு ஒன்றே. வேட்டை இலக்கியம் அதற்குரிய இடத்தை இன்னும் கொடுக்கவில்லை.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது, இரவிகுளம் இடுக்கியில். இரண்டுக்கும் நடுவே தமிழ்நாட்டின் டாப்ஸ்லிப், வால்பாறை, புல்மலைப் பகுதிகள் வருகின்றன. இன்று இரண்டு மாநிலங்கள். அன்றோ மூன்று ஆட்சிகள். கோயம்புத்தூர்ப் பக்கம் சென்னை மாகாணம், பரம்பிக்குளம் கொச்சி சமஸ்தானம், மூணாறு மலைகள் திருவிதாங்கூர். ஒரு காட்டுமாட்டின் தடத்தைப் பிடித்துப் போகிறவன் ஒரே நாளில் எல்லை தாண்டிவிடலாம். ஆகவே யாருடைய காடு, யாருடைய அனுமதி என்று கேட்டறிவதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

காட்டுக்குள் வெள்ளை அதிகாரிகள் நிலையாக வந்தது வேட்டைக்காக அல்ல, தேக்குக்காக. 1848 முதல் கேப்டன் ஜேம்ஸ் மைக்கேல் ஆனைமலைக் காடுகளில் மரம் வெட்டும் பணியை நடத்தினார். அவருக்குப் பின் வந்த டக்ளஸ் ஹாமில்டன் படை அதிகாரி, ஓவியர், தீராத வேட்டைப்பிரியர். மலைகளை வரைந்து காட்டும் அரசுப் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்ததால், வேறு யாரும் போகாத உச்சிகளுக்கும் அவர் போனார். 1862 மே மாதத்தில் 2,695 மீட்டர் உயர ஆனைமுடியில் ஏறினார். ஏட்டில் பதிவான முதல் ஏற்றம் அதுதான். முதுவர்கள் அதற்கு முன் ஏறவில்லை என்று யாரும் வாதிட முடியாது. அவருடைய வேட்டைக் குறிப்புகள் 1892இல் அவர் சகோதரரின் முயற்சியால் நூலாயின. இந்த மலைகளின் வேட்டை வரலாற்றுக்கு அதுவே முதன்மைச் சான்று.

ஹாமில்டன் காலத்துப் பயணத்தில் முதல் முடிவு பருவம் பற்றியது. தென்மேற்குப் பருவமழையில் அட்டையும் வெள்ளமும் மனிதனை நகரவிடாது. மழை விட்டதும் அடிவாரக் காடுகளில் மலேரியா. எனவே மழை தணிந்து புல் காய்ந்து, எரிந்த சரிவுகளில் புதுத் தளிர் விடும் மாதங்களே வேட்டைக்கு வாய்த்தவை. தளிர் மேய வரையாடு என்னும் மலைக் காட்டாடும் காட்டுமாடும் வெட்டவெளிக்கு வரும். இந்தக் கணக்கு மலைவாசிகளிடமிருந்து கற்றுக்கொண்டது.

அடுத்தது துப்பாக்கி. அன்றைய வேட்டைக்காரன் கையில் இருந்தது, குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ரகம். அளந்த கரிமருந்தைக் கொட்டி, தக்கையை வைத்து, ஈயக்குண்டை இறக்கி, கம்பியால் இடித்து, கடைசியில் தீப்பொறி தரும் சிறு மூடியைப் பொருத்தினால்தான் அடுத்த வெடி. அடிபட்ட காட்டுமாடு திரும்பிப் பாய்ந்தால் இவ்வளவுக்கும் நேரம் ஏது? அதனால் இரண்டு மூன்று துப்பாக்கிகளைக் கெட்டித்து ஆட்களிடம் கொடுத்து, தோளுக்குப் பின்னால் நிற்கச் சொல்வார்கள். துரை சுட்டுவிட்டுக் கையைப் பின்னால் நீட்டும்போது அடுத்த துப்பாக்கி அந்தக் கையில் வந்து விழ வேண்டும். விலங்கு பாய்கிற அந்தக் கணத்தில் ஓடாமல் நின்றவர் யார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. யானைக்கும் காட்டுமாட்டுக்கும் வெறும் ஈயம் போதாது. தகரம் கலந்து குண்டைக் கடினமாக்குவார்கள். மலைமுகட்டின் ஈரக்காற்றில் கரிமருந்து நமுத்துப் போகாமல் காப்பது அன்றாடக் கவலை.

காடர்களைப் பற்றி இனவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் ஒரு செய்தி வருகிறது. துப்பாக்கியையும் மூட்டையையும் சுமப்பதை அவர்கள் ஒரு உதவியாகவே செய்வார்கள். கூலி என்று அழைத்தால் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். வேட்டைக்குக் கிளம்புகிறவர் அவர்கள் தலைவரான மூப்பனிடம் போய்ப் பேச வேண்டும். அவர் சம்மதித்தால்தான் ஆள் வரும். கிழக்கு ஆப்பிரிக்காவில் சுமைக்காரர்களை எண்ணிக்கை போட்டு அமர்த்திக் கொடுக்க நைரோபியில் தனி நிறுவனமே இருந்தது. இங்கே அப்படி ஒரு கடை கிடையாது. தனக்குத் தேவையான அறிவு தன்னிடம் இல்லை, அது இந்த மக்களிடம் இருக்கிறது என்பதைத் துரை ஏற்றுக்கொண்ட பிறகே பயணம் தொடங்கியது. காலனிய உறவுகளின் வரலாற்றில் இது கவனிக்கத்தக்க ஒரு புள்ளி.

1875இல் வேல்ஸ் இளவரசர் (பின்னாளில் ஏழாம் எட்வர்ட்) இந்தியா வந்தபோது ஆனைமலையில் வேட்டைக்கு ஏற்பாடு நடந்தது. காலரா பரவியதால் அது கைவிடப்பட்டது. இளவரசர் இலங்கைக்குப் போய் யானை வேட்டையாடினார். எவ்வளவு பெரிய ஏற்பாட்டையும் ஒரு நோய் நிறுத்திவிடும் என்ற நிலைதான் அன்று.

1877 ஒரு திருப்புமுனை. ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை எழுதி வாங்கினார். அவரும் வேட்டைக்காரர். அதே காலத்தில் சென்னை அரசுப் பணியிலிருந்த ஹென்றி டர்னரும் அவர் சகோதரரும் போடிநாயக்கனூர் வழியாக வேட்டை விடுமுறைக்கு மலையேறினார்கள். வேட்டைக்கென வந்த கண்கள் நிலத்தை அளந்தன. சில ஆண்டுகளிலேயே சின்கோனா, காப்பி, பிறகு தேயிலை என்று தோட்டங்கள் எழுந்தன. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் வந்தது. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் வந்த ஒற்றைத் தண்டவாளப் பாதையும், டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு இறங்கும் கம்பிவடமும் இம்மலைகளின் போக்குவரத்தை மாற்றின. ஒற்றைத் தண்டவாளத்துக்குப் பதிலாகப் பின்னர் வந்த குறும்பாதை ரயிலை 1924 பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போனது. கொச்சிப் பக்கம் சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் வரை டிராம் பாதை 1907 முதல் 1963 வரை ஓடியது. மரம் இறக்கப் போட்ட பாதை, வேட்டைக்காரருக்கும் காட்டின் நடுவே வாசல் திறந்துவிட்டது.

துப்பாக்கியும் இதற்குள் வேறாகிவிட்டது. 1898இல் லண்டனின் ரிக்பி நிறுவனம் புகையில்லா மருந்துடன் .450 ரகத்தை வெளியிட்டது. கலகக்காரர் கையில் தோட்டா சேரும் என்று அஞ்சிய அரசு 1907இல் இந்தியாவில் .450 ரகத்தைத் தடை செய்தது. உடனே ஆயுத நிறுவனங்கள் .465, .470 என்று புதிய அளவுகளை உருவாக்கின. ஆப்பிரிக்க யானை வேட்டையின் அடையாளமாக இன்று புகழப்படும் .470 துப்பாக்கி, இந்திய அரசின் ஓர் ஆணையால் பிறந்தது. சென்னையில் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகள் துப்பாக்கி விற்றன. தலையும் தோலும் பாடம் செய்ய மைசூரின் வான் இங்கன் இருந்தது. தோட்டாவை நுழைத்து உடனே கெட்டிக்க முடிந்ததால், துரைக்குத் தோளுக்குப் பின்னால் ஆள் தேவைப்படவில்லை. முன்னால் நடந்து தடம் பார்க்கும் ஆள் மட்டும் அப்போதும் தேவைப்பட்டார்.

கட்டுப்பாடுகளும் வரத் தொடங்கின. சென்னை மாகாணம் 1873இல் காட்டு யானைகளைக் காக்கச் சட்டம் இயற்றியது. 1879இல் நீலகிரிக்கு வேட்டைச் சட்டம் வந்தது. மூணாற்றில் தோட்டத் துரைகள் 1928இல் ஹைரேஞ்ச் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்து, இரவிகுளம் பீடபூமியின் வேட்டையைத் தம் கட்டுக்குள் வைத்தார்கள். காவலுக்கு முதுவர்களை அமர்த்தினார்கள். காய்ந்த புல்லைப் பகுதி பகுதியாக எரிப்பதும் திருட்டு வேட்டையைக் கண்காணிப்பதும் அவர்கள் வேலை. வயது முதிர்ந்த கிடாக்கள் வேட்டைக் கோப்பைகளாகவே கருதப்பட்டன. ஆனால் பெட்டைகளும் குட்டிகளும் பிழைத்தன. இந்த ஏற்பாட்டை வெறும் நற்பணியாகப் புகழ்வது தவறு. ஊரார் நுழையக் கூடாத நிலத்தைச் சிலர் தம் விளையாட்டுக்கு ஒதுக்கிக்கொண்டார்கள். அதே சமயம் சுற்றிலும் தேயிலை சூழ்ந்த மலைகளில் வரையாடு பெருங்கூட்டமாக மிஞ்சியதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கிய காரணம் என்பதையும் மறுக்க முடியாது.

1971இல் கேரள அரசு தனிச் சட்டம் இயற்றிக் கண்ணன் தேவன் நிலங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1972இல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975இல் இரவிகுளம் சரணாலயமாகவும், 1978இல் 97 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. இதற்கு முன்பே விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் இங்கு வரையாட்டை ஆராய்ந்து, 1970இல் முடிவுகளை வெளியிட்டிருந்தார். 1970களின் பிற்பகுதியில் இயற்கையியலாளர் ஈ.ஆர்.சி. டேவிதார் மலை மலையாக ஏறி, மொத்த வரையாடுகள் சுமார் 2,200 என்று மதிப்பிட்டார். பரம்பிக்குளம் 1973இல் சரணாலயமாகி, 2010இல் புலிகள் காப்பகமானது. கேரளத்தில் இருக்கும் அந்தக் காட்டுக்கு இன்றும் சாலை வழி சேத்துமடை, டாப்ஸ்லிப் ஊடாகத் தமிழ்நாட்டிலிருந்துதான்.

2025 ஏப்ரலில் இரு மாநிலங்களும் ஒரே நாட்களில் வரையாட்டுக் கணக்கெடுப்பு நடத்தின: கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303. கணக்கெடுப்புக்கான ஆயத்தத்தைப் பார்த்தால் பழைய வேட்டைப் பயணத்தின் சட்டகம் தெரிகிறது: பருவம் தேர்வது, கூடாரம், அரிசி, பனியில் விடியலுக்கு முன் ஏறுவது, எதிர்ச்சரிவில் கல்லோடு கல்லாக நிற்கும் ஆட்டை முதலில் கண்டுபிடிக்கும் உள்ளூர்க் கண். சுடும் கருவிக்குப் பதில் தொலைநோக்கி.

ஹாமில்டன் நூலில் துப்பாக்கிகளுக்கு விவரம் உண்டு; அவற்றைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் இனப்பெயராகவே வந்து போகிறார்கள். ஆய்வாளர் திருத்த வேண்டிய குறை இதுதான். சட்டம் ஓரளவு அதைத் திருத்தத் தொடங்கியிருக்கிறது. 2010இல் முதுவர்கள் வாழும் இடமலைக்குடி கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது. 2006 வன உரிமைச் சட்டத்தின்படி, பரம்பிக்குளத்தை ஒட்டிய வாழச்சால் காட்டில் ஒன்பது காடர் குடியிருப்புகள் 2014இல் சமூக வன உரிமை பெற்றன. தம் காட்டைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை இப்போது அவர்களுடைய ஊர்க்கூட்டத்துக்கு உண்டு.