யார் நம்மூர் ஆள்? – அவிநாசி வட்டாரக் கபடியில் ஊர்ப்பற்றின் வரலாறு

தை பிறந்துவிட்டால் அவிநாசியிலிருந்து சேவூர், கருவலூர், பெருமாநல்லூர் போகும் சாலைகளில் டீக்கடைச் சுவரெல்லாம் கபடிச் சுவரொட்டிதான். முதல் பரிசிலிருந்து நான்காம் பரிசு வரை தொகை, சுழற்கோப்பை, நுழைவுக் கட்டணம், எடைப்பிரிவு, நடுவர் தீர்ப்பே இறுதியானது என்ற அறிவிப்பு. இவை எல்லாச் சுவரொட்டியிலும் உண்டு. சிலவற்றில் மட்டும் அடியில் இன்னொரு வரி இருக்கும்: ஒரே ஊர் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் அனுமதி, ஆதார் அட்டை கொண்டு வரவும்.

அந்த ஒரு வரி எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. முன்பு யாரும் எழுதிவைக்கத் தேவையில்லாமல் இருந்த ஒன்றை இன்று அச்சடித்து ஒட்ட வேண்டியிருக்கிறது. கபடியின் வரலாற்றைச் சங்கங்கள், பதக்கங்கள் வழியாக எழுதுவது வழக்கம். கொங்கு நாட்டு ஊர்ப்புறத்தில் நின்று பார்த்தால் அது வேறொரு வரலாறாகத் தெரிகிறது: ‘யார் நம்மூர் ஆள்?’ என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் சொன்ன பதிலின் வரலாறு.

சடுகுடுக் காலம்

கபடி என்ற பெயர் நம் ஊர்களில் நிலைப்பதற்கு முன் ஆட்டத்துக்குச் சடுகுடு என்று பெயர். ஆந்திரத்தில் செடுகுடு, மராட்டியத்தில் ஹுதுது, வங்கத்தில் ஹாடுடு. மூச்சை அடக்கிச் சொல்லிக்கொண்டே போகும் சொல்தான் எல்லா இடத்திலும் ஆட்டத்தின் பெயர் ஆயிற்று. ‘கை பிடி’ என்பதே கபடி என மருவியது என்று மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. ஏறுதழுவலுக்கான பயிற்சியாகத் தோன்றியது என்பாரும் உண்டு. இரண்டும் கேட்க இனியவை. ஆனால் ஒலி ஒற்றுமையையும் பெருமித உணர்வையும் தாண்டி அவற்றுக்கு வலுவில்லை என்பது என் கருத்து. ஆட்டம் பழையது என்பதற்கு, இத்தனை மொழிகளில் இத்தனை பெயர்களோடு அது வாழ்ந்ததே போதிய சான்று.

அவிநாசிச் சீமை வானம் பார்த்த பூமி. சோளமும் கம்பும் நிலக்கடலையும் விளையும் காடுகள். கிணறு இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் தோட்டம். அறுவடை முடிந்து காடு வெறுமையாகக் கிடக்கும் தை, மாசியில்தான் பையன்களுக்கு நேரமும் இடமும் ஒருசேரக் கிடைத்தன. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பூ நோன்பில் தொடங்கும் கொண்டாட்டம், பங்குனியில் பெருமாநல்லூர் கொண்டத்துக் காளியம்மன் குண்டம், சித்திரையில் அவிநாசித் தேர் என்று நீளும். இடையே ஒவ்வோர் ஊரிலும் மாரியம்மனுக்குப் பூச்சாட்டு நோன்பு.

பூச்சாட்டைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். காப்புக் கட்டிக் கம்பம் நட்ட பிறகு ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்பது கொங்கில் பல ஊர்களில் இருந்துவரும் கட்டுப்பாடு. அந்த நாட்களில் ஊரின் இளவட்டம் முழுவதும் ஊருக்குள்ளேயே இருக்கும். இரவில் கம்பத்தைச் சுற்றி ஆட்டம், பகலில் களத்து மேட்டில் சடுகுடு. யார் இந்த ஊர்க்காரன் என்பதை நோன்பே ஆண்டுக்கு ஒருமுறை வரையறுத்துக் காட்டியது. யார் இரவில் இங்கே இருந்தாக வேண்டுமோ, அவன் நம்மூர் ஆள்.

ஆட்டத்துக்கு எழுதிய விதி கிடையாது. குச்சியால் கீறிய கோடுதான் எல்லை. வந்தவர்களை இரண்டாகப் பிரித்தால் இரண்டு அணி. வடக்கு வளவு ஒரு பக்கம், தெற்கு வளவு மறுபக்கம். பக்கத்து ஊரோடு ஆடினால் அங்கே இன்னொரு சிக்கல். கொங்கில் ஒரே குலத்தார் தங்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. ஓர் ஊரில் ஒரு குலத்தார் மிகுந்திருந்தால், மருமகள்கள் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்துதான் வருவார்கள். ஆகவே எதிரணியில் நிற்பவன் அநேகமாக மாமன் மகனாகவோ அத்தை மகனாகவோ இருப்பான். பங்காளியை அணியில் வைத்துக்கொண்டு மச்சானை மடக்கிப் பிடிக்கும் ஆட்டம் அது. கொங்குக் கபடியில் கேட்கும் கேலிப் பேச்சின் உறைப்பு இந்த உறவுமுறையிலிருந்து வந்தது. மச்சானைத்தான் அப்படிப் பேசலாம். களத்தில் மண்ணைக் கவ்வ வைத்தவன் அடுத்த மாதம் அதே வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார வேண்டியவன் என்பதால், பகை ஓர் அளவுக்கு மேல் போகவும் முடியாது.

ஏழு பேர் என்ற விதி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மராட்டியத்தில் இந்த ஆட்டத்துக்கு விதிகள் எழுதும் முயற்சி நடந்தது. புனேயின் டெக்கான் ஜிம்கானா போன்ற அமைப்புகள் அதில் முன் நின்றன. 1923இல் திருத்திய விதிகளோடு பரோடாவில் அகில இந்தியப் போட்டி நடந்தது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழுவினர் கபடியை ஆடிக்காட்டினார்கள். 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு தோன்றியது. 1952 முதல் தேசியப் போட்டிகள் முறையாக நடக்கலாயின. அடிமைப்பட்ட நாட்டில் உடற்பயிற்சியும் உள்நாட்டு ஆட்டமும் தன்மானத்தின் அடையாளங்களாக இருந்த காலத்தில் முளைத்த முயற்சி இது.

இதே பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இன்னொரு நாடும் இதைச் செய்தது. அயர்லாந்தில் 1884 நவம்பர் 1ஆம் நாள், தர்லெஸ் நகரத்து ஓட்டல் ஒன்றில் மைக்கேல் கியூசாக் முதலானோர் கூடி, தம் நாட்டு விளையாட்டுகளுக்கென கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அணிக்கு 15 பேராகக் கையாலும் காலாலும் பந்தைக் கொண்டுசெல்லும் கேலிக் கால்பந்து அச்சங்கத்தின் பெரிய ஆட்டங்களில் ஒன்று. 1920 நவம்பர் 21 அன்று டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் டிப்பரெரி, டப்ளின் அணிகள் ஆடிக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் அரசுப் படையினர் கூட்டத்தின் மீது சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். அவர்களில் மைக்கேல் ஹோகன் என்ற ஆட்டக்காரரும் ஒருவர்.

நம் கேள்விக்கு வேண்டியது அங்கே அடித்தளத்தில் இருக்கும் ஏற்பாடு. அயர்லாந்தில் ஆட்டக்காரன் பொதுவாகத் தன் திருச்சபைப் பங்குக்கான கழகத்துக்கே ஆடுகிறான். பங்கு என்பது ஏறக்குறைய நம்முடைய ஊர். ஆடுவதற்குச் சம்பளம் இல்லை. அந்தக் கழகம் மாவட்டத்தில் வென்றால் மாகாணத்துக்கும், அங்கே வென்றால் அகில அயர்லாந்துக் கழகக் கோப்பைக்கும் ஆடலாம். ஆட்டக்காரன் எவ்வளவு உயரம் போனாலும் ஊர்ப்பெயர் அவனோடு போகிறது. விதி எழுதியவர்கள் ‘யார் நம்மூர் ஆள்?’ என்ற கேள்வியையும் சேர்த்து எழுதிவிட்டார்கள்.

நாம் களத்தின் அளவை எழுதினோம். ஆடவருக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அணிக்கு 7 பேர். 20 நிமிடமாக இரண்டு பாதி. எதிரணி முழுவதையும் வெளியேற்றினால் லோனா என்று 2 புள்ளி. யார் எந்த ஊர் ஆள் என்பதை எழுதவில்லை. மாவட்டம், மாநிலம், ரயில்வே, காவல்துறை என்று மேல்மட்டத்து அணிகள் அமைந்தன. ஊர் அணிக்கு அந்த ஏணியில் படி இல்லை. ஊர் ஆட்டம் திருவிழாவோடு நின்றுகொண்டது; நல்ல ஆட்டக்காரன் மட்டும் தனியாளாக மேலே ஏறினான்.

ஏழு என்ற எண் ஊருக்குள் இன்னொன்றையும் செய்தது. சடுகுடுவில் வந்தவனெல்லாம் ஆடினான். கபடியில் ஏழு பேர் உள்ளே, மற்றவர்கள் கோட்டுக்கு வெளியே. ஆடத் தெரிந்தும் ஆட இடம் கிடைக்காத முப்பது நாற்பது பேர் கோட்டை ஒட்டி நிற்கிறார்கள். அவர்களே நம் கபடியின் முதல் ரசிகர்கள். பிடி, விடாதே, லைனைத் தொடவிடாதே என்று கத்துகிறவர்களின் குரலில் ஆட்டக்காரனின் கைத்துடிப்பு இருக்கிறது. கபடிப் பார்வையாளர் களத்தின் மீது சாய்ந்து, சில வேளை கோட்டுக்குள்ளேயே வந்துவிடுவதற்குக் காரணம் ஒழுங்கீனம் மட்டும் அல்ல என்றே நினைக்கிறேன். ஒரு தலைமுறைக்கு முன்பு அவர்கள் உள்ளே இருந்தவர்கள்.

பனியனும் பரிசுத்தொகையும்

1970களின் இறுதிக்குப் பிறகு திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி வளர வளர, அவிநாசி வட்டாரத்து இளைஞர்கள் காட்டை விட்டுப் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். ஆட்டத்தின் காலம் மாறியது. அறுவடை ஓய்வு என்பது போய், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு வந்தது. சனி இரவு விளக்குப் போட்டு விடியவிடிய ஆடும் தொடர் போட்டிகள் பெருகின. முன்பு பழைய பனியனோடு ஆடியவர்களுக்கு எண்ணும் ஊர்ப்பெயரும் அச்சடித்த ஜெர்சி வந்தது. திருப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஊருக்கு ஜெர்சியா கிடைக்காது? நிட்டிங், டையிங், பிரிண்டிங் தொழில் நடத்துவோர் பரிசுக்குப் பணம் கொடுத்தார்கள். அவர்களில் பலர் முன்னாள் ஆட்டக்காரர்களே.

பரிசுத்தொகை ஏறியதும் கேள்வி திரும்பி வந்தது. வெல்வதற்கு எதிர்க்களத்துக்குப் பாடிப் போகும் நல்ல ரைடர் ஒருவன் போதும் என்றால், அவன் ஏன் நம்மூர்க்காரனாக இருக்க வேண்டும்? கூலி பேசி வெளியூர் ஆட்டக்காரர்களை இறக்கும் வழக்கம் வளர்ந்தது. ஒரே ஆள் ஒரு வாரம் இந்த ஊருக்கும் அடுத்த வாரம் எதிரூருக்கும் ஆடினான். தோற்ற அணியின் ஆத்திரம் அப்போது மச்சான் மீது பாயவில்லை. ‘ஆள் இறக்கிவிட்டார்கள்’ என்று போட்டி நடத்தியவர்கள் மீதும் நடுவர் மீதும் பாய்ந்தது. உறவுமுறை போட்டிருந்த வேலியும் இத்தோடு தளர்ந்தது. தெரியாத ஆளைக் கேலி செய்தால் அது வசையாகவே போய்ச் சேருகிறது. போட்டிகளில் நடக்கும் கைகலப்புகளுக்குச் சாராயத்தைக் காரணம் சொல்வது எளிது, அதற்கும் பங்குண்டு. ஆனால் எதிரில் நிற்பவன் யாரென்று தெரியாமல் போனதற்கும் பெரிய பங்குண்டு.

ஒரே ஊர் ஆட்டக்காரர் என்ற வரி இந்தச் சூழலில் பிறந்தது. அயர்லாந்துச் சங்கம் எழுதியதை இங்கே ஊர் இளைஞர்கள் தாங்களாகவே, சங்கமின்றி, சுவரொட்டியில் எழுதினார்கள். எடைப்பிரிவும் இதே தேவையிலிருந்து வலுப்பெற்றது. 55 கிலோ, 60 கிலோ என்று வரம்பு வைத்தால், காசு வாங்கி ஆடும் கனத்த உடம்புக்காரர் தானாக வெளியே நிற்பார். ஊர்ப் பையன் உள்ளே வருவான். பதிவு மேசையருகே தராசில் ஒவ்வொருவராக ஏறி இறங்கும் காட்சி, கபடித் திடலில் எனக்கு மிகப் பிடித்த காட்சி. எடை கூடிவிட்டவன் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஓடி வியர்வை சிந்திவிட்டு வந்து மறுபடி ஏறுவான். அவன் ஊரே தராசின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

ஆதார் அட்டையால் மட்டும் தீராத கேள்வியும் இருக்கிறது. பழைய சொல்லில் ‘ஊர்’ என்பது எல்லாரையும் உள்ளடக்கியதில்லை. ஊர் தனி, அருந்ததியர் குடியிருப்பு தனி. களத்திலும் பல இடங்களில் ஊருக்கு ஓர் அணி, காலனிக்கு ஓர் அணி. தொட்டுப் பிடிப்பதே ஆட்டமாக உள்ள ஒன்றில் தொடக்கூடாமை எப்படி நின்றிருக்கும்? ஆடாமல் இருப்பதாலேயே நின்றது: இரண்டு அணியும் ஒரே போட்டிக்குப் போகாமல், தனித்தனித் திடலில் ஆடிக்கொண்டன. தொடர் போட்டிகளின் குலுக்கல் சீட்டு இதை ஓரளவு உடைத்தது. யாரோடு மோதுவது என்று சீட்டு சொன்னால் ஆடித்தான் ஆக வேண்டும். உடைந்த இடங்களில் சண்டையும் வந்தது. கபடிக்கு அனுமதி கோரும் வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, சாதி, கட்சி அடையாளங்கள் உடையில் இருக்கக் கூடாது, மது அருந்தியவர் ஆடக் கூடாது, முதலுதவி ஏற்பாடு வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை விதித்திருக்கிறது. ஒரே ஊர் என்ற வரியை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அந்த ஊர் எது என்பதை எழுதாதவரை அந்த வரி பாதி நியாயமே.

திருப்பூருக்குப் பிழைக்க வந்த தென்மாவட்டத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கே பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களின் அட்டையில் அவிநாசி வட்டத்து முகவரி இருக்கிறது. மாரியம்மன் நோன்புக்கு மட்டும் அப்பாவின் ஊருக்குப் போகிறார்கள். பூச்சாட்டுக் காலத்து வரையறைப்படி அவர்கள் வெளியூரார், அட்டைப்படி உள்ளூரார். பல அணிகளின் நல்ல ரைடர்கள் இவர்களே.

ஏலமும் ஊரும்

1990 பெய்ஜிங் ஆசியப் போட்டியில் கபடி பதக்க ஆட்டமானது. அங்கு வென்ற இந்திய அணியில் நம் தமிழகத்து ராஜரத்தினமும், 1994 ஹிரோஷிமா அணியில் மணத்தி கணேசனும் இருந்தார்கள். 2014இல் புரோ கபடி லீக் தொடங்கியது. 2017இல் தமிழ் தலைவாஸ் அணி வந்தது. ஏலத்தில் எடுக்கும் அணியில் ஊர் என்ற பேச்சே இல்லை. தமிழகத்தின் பெயர் தாங்கிய அணியில் ஹரியானாக்காரர் நட்சத்திரமாவது அங்கே இயல்பு. ஆனாலும் தொலைக்காட்சியில் அதைப் பார்க்கும் அவிநாசிப் பையன் அந்த அணியைத் தன் அணியாகவே நினைத்துக் கத்துகிறான். அங்கே பார்த்த, புள்ளி எடுத்தே ஆக வேண்டிய ‘டூ ஆர் டை’ ரைடும், சிலரே எஞ்சி நின்று மடக்கும் சூப்பர் டேக்கிளும் மண் தரைக்கும் வந்துவிட்டன. கொஞ்சம் வசதியான போட்டிகளில் மண்ணுக்குப் பதில் மேட் விரிக்கிறார்கள். மண்ணில் வழுக்கிப் பழகிய கால் மேட்டில் பிடித்து நிற்கிறது. முழங்கால் தாங்கப் பழக வேண்டியிருக்கிறது.

பெண்கள் கபடியைப் பற்றித் தனியாக எழுதியாக வேண்டும். பெண்களுக்கான தேசியப் போட்டி 1955இல் கல்கத்தாவில் தொடங்கியது. ஆசியப் போட்டியில் இடம் 2010இல்தான் கிடைத்தது. அயர்லாந்திலும் பெண்கள் கேலிக் கால்பந்துக்குத் தனிச் சங்கம் 1974இல்தான் அமைந்தது. அதே தர்லெஸ் நகரில். அவிநாசி வட்டாரத்தில் பெண்கள் அணி பெரும்பாலும் ஊர் அணியாக இல்லை. பள்ளி அணி, கல்லூரி அணி, பயிற்சிக் குழு என்றே இருக்கிறது. காரணம் திறமைக் குறைவு அல்ல. இங்கே பெண் கட்டிக்கொடுத்த பிறகு வேறு ஊர்க்காரி ஆகிவிடுகிறாள். பிறந்த ஊரின் பதிவு மேசைக்கு அவள் வெளியூர் ஆள். புகுந்த ஊருக்கு அவள் மருமகள், ஆட்டக்காரி அல்ல. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாவட்டத்துக்கு ஆடியவள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு புகுந்த ஊரின் பொங்கல் போட்டியைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கிறாள். எதிரணியில் அவள் தம்பி பாடி வருகிறான்.